ஷவர் மாத்தப் போறீங்களா? சுவரில் உளி வைக்கும் முன் இதைப் படிங்க! | நம்ம வீட்டு வேலை - 17

மூட்டுவலி வந்த அம்மாவுக்கும், இடுப்பு ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிய அப்பாவுக்கும் பாத்ரூமில் முதல் எதிரி பக்கெட்டும் மக்கும்தான். ஒவ்வொரு மக் தண்ணீருக்கும் ஒரு முறை குனிய வேண்டும், ஒரு முறை நிமிர வேண்டும். அதுவும் ஈரத் தரையில், சோப்பு நுரைக்கு நடுவில். "ஒரு ஷவர் போட்டுடலாம்மா" என்ற பேச்சு பல வீடுகளில் இப்படித்தான் ஆரம்பிக்கிறது.

அடுத்து எல்லோரும் போவது கடைக்கு. தட்டு மாதிரி அகலமான, பளபளவென்று மின்னும் ஒரு ரெயின் ஷவரைப் பார்த்ததும் மனசு அதிலேயே நின்றுவிடும். வாங்கி வந்து மாட்டினால், மழைக்குப் பதில் ஒழுகுகிற கூரை மாதிரி சொட்டுகிறது. சில வீடுகளில் குளித்துக்கொண்டிருக்கும்போதே திடீரென வெந்நீர் கொதித்து வருகிறது. இன்னும் சில வீடுகளில் ஆறு மாதம் கழித்துக் கீழ்வீட்டுக்காரர் வந்து, "எங்க சீலிங்ல ஈரம் ஓதுதுங்க" என்று கதவைத் தட்டுகிறார்.

மூன்றுக்கும் காரணம் ஒன்றே. ஷவரை முதலில் தேர்ந்தெடுத்து, பைப்பைக் கடைசியில் பார்ப்பது. அதை அப்படியே திருப்பிப் போட்டால் பணமும் மிஞ்சும், வீட்டுப் பெரியவர்களின் குளியலும் பாதுகாப்பாகும்.

முதலில் மொட்டை மாடிக்குப் போங்க

நம் ஊர் வீடுகளில் ஷவருக்குத் தண்ணீரைத் தள்ளுவது மோட்டார் அல்ல. மேல்நிலைத் தொட்டியின் உயரம். தொட்டித் தண்ணீரின் மேல்மட்டத்துக்கும் ஷவருக்கும் இடையே எத்தனை அடி உயரம் இருக்கிறதோ, அதுதான் பிரஷர். சுமார் 33 அடி உயரத்துக்கு 1 பார் அழுத்தம் கிடைக்கும் என்பது கணக்கு.

தரைத்தளம், முதல் மாடி, இரண்டாம் மாடி என மூன்று தளங்கள் உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு தளமும் 10 அடி. மொட்டை மாடியில் 3 அடி மேடை போட்டு அதன்மேல் தொட்டி. ஷவர் இருப்பது தரையிலிருந்து 7 அடியில். அப்படியானால் இரண்டாம் மாடி ஷவருக்கும் தொட்டித் தண்ணீருக்கும் இடையே இருப்பது சுமார் 9 அடிதான். அதாவது 0.27 பார். முதல் மாடியில் அது 19 அடி, சுமார் 0.58 பார். தரைத்தளத்தில் 29 அடி, சுமார் 0.88 பார். தண்ணீர் ஓடத் தொடங்கினால் பைப், எல்போ, வால்வு என ஒவ்வொன்றும் இதில் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும்.

அதனால்தான் ஒரே கம்பெனி ஷவர் தரைத்தளத்தில் அருவியாகவும் மேல் மாடியில் சொட்டாகவும் வருகிறது. "குழாயில தண்ணி நல்லாத்தானே வருது, ஷவர்ல மட்டும் ஏன் வரலை?" என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில். பக்கெட் குழாய் தரையிலிருந்து இரண்டரை அடியில் இருக்கிறது. ஷவர் அதைவிட நாலரை அடி மேலே. இதே வீட்டின் மேல் மாடியில் குழாய்க்குக் கிடைக்கும் உயரம் பதின்மூன்றரை அடி, ஷவருக்கு வெறும் 9 அடி. மூன்றில் ஒரு பங்கு அழுத்தம் அங்கேயே போய்விட்டது.

ஷவர் பெட்டியின் மேல் அல்லது அதற்குள் இருக்கும் தாளில், அது வேலை செய்யக் குறைந்தபட்சம் எத்தனை பார் வேண்டும் என்று போட்டிருக்கும். உங்கள் வீட்டுக் கணக்கை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெட்டியில் போடவில்லை என்றால் கடைக்காரரிடம் கேளுங்கள். பதில் கிடைக்கவில்லை என்றால் அந்த மாடலை விட்டுவிடுங்கள்.

ஒரு பக்கெட், ஒரு போன் போதும்

கணக்கில் நம்பிக்கை இல்லாதவர்களுக்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. ஏற்கெனவே ஷவர் இருந்தால், சல்லடைத் தலையை மட்டும் கழற்றிவிட்டு, அந்தக் குழாயிலிருந்து வரும் தண்ணீரை 10 லிட்டர் பக்கெட்டில் பிடியுங்கள். போனில் ஸ்டாப்வாட்ச்சை ஓட விடுங்கள். ஒரு நிமிடத்துக்குள் நிறைந்தால் ஓரளவு பெரிய ஷவரையும் யோசிக்கலாம். ஒன்றரை நிமிடத்தைத் தாண்டினால், சின்ன முகமுள்ள ஷவர் அல்லது ஹேண்ட் ஷவர்தான் உங்களுக்குத் தோழன்.

தொட்டி பாதி காலியாக இருக்கும்போதும் ஒரு முறை செய்து பாருங்கள். சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டும் ஒரு முறை பாருங்கள். காலை 7 மணிக்கு வீட்டில் எல்லாக் குழாயும் திறந்திருக்கும் நேரத்தில் என்ன கிடைக்கும் என்பது அப்போதுதான் தெரியும்.

அழுத்தம் போதவில்லை என்றால் தொட்டியின் மேடையை உயர்த்தலாம். தொட்டியிலிருந்து இறங்கும் பைப் அரை இஞ்சாக இருந்தால் பெரிய அளவுக்கு மாற்றலாம். பிரஷர் பூஸ்டர் பம்ப் வைக்கலாம். பம்ப் வைப்பதாக இருந்தால் குளிர்நீர், வெந்நீர் இரண்டு லைனுக்கும் சேர்த்து வையுங்கள். ஒன்றுக்கு மட்டும் வைத்தால், வலுவான பக்கம் பலவீனமான பக்கத்தை அமுக்கிவிடும். வெப்பம் ஒரே சீராக நிற்காது.

மூன்று வழிகள்... எது உங்களுக்கு?

1. சுவரைத் தொடாத வழி: ஏற்கெனவே ஷவர் பாயின்ட் இருந்தால், அதன் கைக்கும் தலைக்கும் நடுவில் ஒரு சின்ன டைவர்ட்டரை மாட்டி, அதிலிருந்து ஒன்றரை மீட்டர் ஹோஸுடன் ஹேண்ட் ஷவரை இறக்கிவிடலாம். வேலை அரை மணி நேரம். டெஃப்ளான் டேப்பை மரையின் போக்கிலேயே வலப்பக்கமாகச் சுற்ற வேண்டும். எதிர்ப்பக்கம் சுற்றினால் முறுக்கும்போது பிரிந்து வந்துவிடும். வாடகை வீட்டுக்காரர்களுக்கு ஏற்ற வழி இது. காலி செய்யும்போது கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம்.

ஒரு எச்சரிக்கை. வெந்நீருக்கும் குளிர்நீருக்கும் தனித்தனிக் குழாய் இருக்கும் பாத்ரூமில், வெந்நீர்க் குழாயில் மட்டும் ஹேண்ட் ஷவரை இணைத்துவிடாதீர்கள். பக்கெட்டில் விளாவிக் குளிக்கும்போது சூட்டைக் கை பார்த்துச் சொல்லும். ஷவரில் அது நேராக உடம்பில் விழும்.

2. வெளியே தெரியும் வால் மிக்ஸர்: இரண்டு குழாய்களையும் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரே மிக்ஸரை மாட்டுவது. வழக்கப்படி இடப்பக்கம் வெந்நீர், வலப்பக்கம் குளிர்நீர். இரண்டு பாயின்ட்டுக்கும் நடுவே மையத்திலிருந்து மையத்துக்கு 6 இஞ்ச், அதாவது 150 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். கொஞ்சம் கூடக் குறைய இருந்தால் மிக்ஸரோடு வரும் வளைந்த இணைப்பே சமாளித்துக்கொள்ளும். ஓரடி தள்ளியிருந்தால் சுவரை உடைக்காமல் முடியாது. எனவே கடைக்குப் போகும் முன் டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். '3 இன் 1' மாடல் என்றால் பக்கெட் குழாய், ஹேண்ட் ஷவர், மேல் ஷவர் மூன்றும் ஒன்றிலேயே வந்துவிடும். மேல் ஷவருக்குப் போகும் பைப்பும் சுவருக்கு வெளியிலேயே நிற்பதால், நாளைக்கு ஒழுகினாலும் கண்ணுக்குத் தெரியும், சரிசெய்வதும் சுலபம்.

3. கன்சீல்டு டைவர்ட்டர்: எல்லா பைப்பும் சுவருக்குள். வெளியே ஒரு தகடும் கைப்பிடியும் மட்டும். பார்க்க அழகு, துடைக்கச் சுலபம். ஆனால், டைல்ஸை உடைத்துக் காடி எடுக்க வேண்டும். பிறகு கொத்தனார், டைல்ஸ் வேலை என்று நீளும். பழைய டைல்ஸுக்கு ஜோடி கிடைக்காமல் ஒரு சுவர் முழுக்க மாற்ற வேண்டி வரலாம். டைவர்ட்டரின் பிளாஸ்டிக் மூடியில் 'இவ்வளவு ஆழம்வரை' என்று கோடு போட்டிருப்பார்கள். டைல்ஸ் ஒட்டி முடித்த பிறகு சுவரின் முகம் அந்தக் கோடுகளுக்குள் வர வேண்டும். இல்லையென்றால் கைப்பிடி மாட்டாது, அல்லது நீட்டிக்கொண்டு நிற்கும்.

முழுப் பாத்ரூமையும் புதுப்பிக்கும்போது மட்டும் மூன்றாவது வழியைத் தேர்ந்தெடுங்கள். பெரியவர்களுக்கு ஷவர் வேண்டும் என்பது மட்டுமே தேவையென்றால், முதல் இரண்டு வழிகளே போதும்.

வெந்நீர்: இங்கே மட்டும் அலட்சியம் வேண்டாம்

ஹீட்டரில் இருக்கும் தண்ணீர் 60 டிகிரி செல்சியஸில் இருந்தால், ஐந்தே விநாடிகளில் பெரியவர்களின் தோலைக்கூட ஆழமாகப் பொசுக்கிவிடும். 49 டிகிரி என்றால் அதே காயத்துக்குச் சில நிமிடங்கள் ஆகும். விலகிக்கொள்ள அவகாசம் கிடைக்கும். குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் தோல் மெல்லியது. வேகமாக எழுந்து நகரவும் முடியாது. நீண்டகால சர்க்கரை நோயால் கால் மரத்துப் போனவர்களுக்குச் சூடு படுவதே தெரியாமல் போகலாம். உடம்புக்கு இதமான குளியல் சூடு 38 முதல் 40 டிகிரிதான்.

அதனால் வீட்டில் எல்லோருக்கும் ஒரு பழக்கம் வேண்டும். திறக்கும்போது முதலில் குளிர்நீர், பிறகு வெந்நீர். மூடும்போது முதலில் வெந்நீர், பிறகு குளிர்நீர். தண்ணீர் உடம்பில் விழும் முன் கையில் பட வேண்டும்.

பட்ஜெட் இருந்தால் தெர்மோஸ்டாட்டிக் மிக்ஸர் வாங்கலாம். 38 டிகிரியில் ஒரு பூட்டு இருக்கும். பட்டனை அழுத்தினால்தான் அதற்கு மேல் திரும்பும். குளிர்நீர் நின்றுபோனால் வெந்நீரையும் கட்டுப்படுத்திவிடும். இதற்கும் குறைந்தபட்ச அழுத்தம் வேண்டும் என்பதால், முதலில் சொன்ன தொட்டிக் கணக்கைப் பார்த்த பிறகே வாங்குங்கள்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. மிக்ஸரின் இரண்டு பக்கமும் திறந்திருக்க, ஹேண்ட் ஷவரின் பட்டனை மட்டும் அமுக்கி நிறுத்தினால், வெந்நீரும் குளிர்நீரும் மிக்ஸருக்குள்ளேயே ஒன்றோடொன்று கலக்கும். அழுத்தம் அதிகமுள்ள பக்கம் மற்ற பக்கத்து லைனுக்குள் ஏறிவிடும். 'டாய்லெட் ஹெல்த் ஃபாசெட்டில் வெந்நீர் வருகிறது' என்ற புகாருக்கு இது ஒரு முக்கிய காரணம். குளித்து முடித்ததும் மிக்ஸரையே மூட வேண்டும். இரண்டு லைனிலும் நான்-ரிட்டர்ன் வால்வு இருந்தால் கூடுதல் பாதுகாப்பு.

ஹீட்டரில் இருக்கும் சேஃப்டி வால்விலிருந்து அவ்வப்போது சொட்டு விழுந்தால், அதை எண்ட் கேப் போட்டு அடைக்கவே கூடாது. உள்ளே அழுத்தம் ஏறும்போது வெளியேற இருக்கும் ஒரே வழி அதுதான். கேஸ் கீஸர் வைத்திருப்பவர்கள் அதைக் காற்றோட்டமில்லாத பாத்ரூமுக்குள் வைக்கவே வேண்டாம். அதிலிருந்து வரக்கூடிய கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஷவரில் நீண்ட நேரம் குளிக்கத் தொடங்கினால் ஆபத்தும் கூடும்.

உங்கள் ஹீட்டர் தாங்குமா?

பக்கெட்டிலிருந்து ஷவருக்கு மாறும்போது ஹீட்டரை மறந்துவிடுகிறோம். 15 லிட்டர் ஹீட்டரில் 60 டிகிரியில் தண்ணீர் இருக்கிறது, தொட்டித் தண்ணீர் 28 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கலந்தால் 40 டிகிரியில் சுமார் 40 லிட்டர் கிடைக்கும். நிமிடத்துக்கு 10 லிட்டர் கொட்டும் ஷவர் என்றால் நான்கு நிமிடத்தில் தீர்ந்துவிடும். 6 லிட்டர் ஷவர் என்றால் ஆறரை நிமிடம் வரை வரும். ஒரே ஹீட்டரில் அடுத்தடுத்து இரண்டு பேர் குளிக்க வேண்டிய வீட்டில் இந்த வித்தியாசம் பெரிது.

3 கிலோவாட் இன்ஸ்டன்ட் ஹீட்டர் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நிமிடத்துக்கு 3 லிட்டர் ஓடினால் அது தண்ணீரின் சூட்டை சுமார் 14 டிகிரி ஏற்றும். 9 லிட்டர் ஓடினால் 5 டிகிரிகூட ஏறாது. மார்கழிக் காலையில் ரெயின் ஷவருக்கு அது ஒத்துவராது.

சுவரை உடைத்தே ஆக வேண்டும் என்றால்...

வெந்நீர் லைனுக்கு சிபிவிசி பைப்தான் போட வேண்டும். வழக்கமாக அது வெளிர் மஞ்சள் கலந்த நிறத்தில் இருக்கும். வெள்ளை நிற யுபிவிசி, குளிர்நீருக்கு மட்டும். ஒட்டும் சொல்யூஷனும் இரண்டுக்கும் வேறு வேறு. 'எல்லாம் ஒண்ணுதான் சார்' என்று சொன்னால் டப்பாவில் எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்துவிடுங்கள்.

கான்கிரீட் தூண், பீம் எதிலும் காடி எடுக்க விடாதீர்கள். பைப்புக்காகக் கம்பியை வெட்டினால், பாதிக்கப்படுவது பாத்ரூம் மட்டுமல்ல, முழுக் கட்டடமும்தான். அபார்ட்மென்ட்டில் இருப்பவர்கள் வேலை தொடங்கும் முன் அசோசியேஷனுக்கும் கீழ்வீட்டுக்கும் தகவல் சொல்லிவிடுங்கள். மொட்டை மாடி கேட் வால்வு முழுதாக மூடுகிறதா என்பதையும் முதல் நாளே சோதியுங்கள். பழைய வால்வுகள் பல, தேவைப்படும் நாளில்தான் மூட மறுக்கும். பாத்ரூமுக்கென்று தனியாக ஒரு வால்வு போட்டுக்கொண்டால், அடுத்த முறை வீடு முழுவதற்கும் தண்ணீரை நிறுத்த வேண்டியதில்லை.

பைப்பை ஒட்டி முடித்ததும் அன்றைக்கே சுவரை மூடிவிட எல்லோரும் அவசரப்படுவார்கள். அங்கேதான் கீழ்வீட்டு சீலிங்கின் ஈரம் ஆரம்பிக்கிறது. சொல்யூஷன் காயும்வரை காத்திருந்து, எல்லா பாயின்ட்டையும் அடைத்து, டெஸ்டிங் பம்ப்பால் அழுத்தம் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பம்ப் இல்லையென்றால், தொட்டி வால்வைத் திறந்து ஓரிரவாவது விட்டு, காலையில் ஒவ்வொரு இணைப்பையும் டிஷ்யூ பேப்பரால் தொட்டுப் பாருங்கள். பேப்பர் நனைந்தால் சுவரை மூடக் கூடாது.

மூடும் முன் இன்னொன்று. சுவரில் அளவு டேப்பை ஒட்ட வைத்து, பைப் போகும் வழியை போனில் போட்டோ எடுத்து வையுங்கள். நாளைக்கு டிரில்லிங் மெஷினோடு யாராவது வந்து நின்றால், அந்தப் போட்டோதான் உங்கள் வரைபடம். தரையையும் உடைத்திருந்தால், வாட்டர்புரூஃபிங் முடிந்ததும் தண்ணீர் கட்டி நிறுத்தி, கீழே ஈரம் இறங்குகிறதா என்று பார்த்த பிறகே டைல்ஸ் ஒட்ட வேண்டும்.

பெரியவர்களுக்காகச் செய்கிறீர்கள் என்றால்...

கீழே விழுவதால் உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் உயிரிழக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் அதிகம் பேர் 60 வயதைக் கடந்தவர்கள். ஷவர் வேலையோடு சேர்த்து, கீழே உள்ளவற்றையும் ஒரே நாளில் முடித்துவிடலாம்.

* அம்மாவையோ அப்பாவையோ, ரப்பர் கால் வைத்த ஸ்டூலில் உடையோடு, காய்ந்த தரையில் உட்காரச் சொல்லுங்கள். கை எட்டும் இடத்தில் பென்சிலால் குறி வையுங்கள். ஹேண்ட் ஷவரின் கொக்கி வர வேண்டிய உயரம் அதுதான். பிளம்பரின் வழக்கமான உயரம் அல்ல.

* திருகும் கைப்பிடியைவிட நீளமான லீவர் கைப்பிடி நல்லது. சோப்புக் கையாலும், விரல் மடங்காதவர்களாலும் அதைத் தள்ள முடியும்.

* மிக்ஸர், தண்ணீர் விழும் இடத்திலிருந்து சற்றுத் தள்ளி இருக்கட்டும். வெந்நீருக்குள் கையை நீட்டி வெந்நீரை மூட வேண்டிய நிலை வரக் கூடாது.

* பிடிமானக் கம்பியைச் சுவரில் ஆழமாக போல்ட் போட்டு மாட்டுங்கள். துண்டு போடும் கம்பி ஓர் ஆளின் எடையைத் தாங்காது. ஷவர் ஹோஸும் தாங்காது. வழுக்கும்போது கை தானாக எதைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது.

* தாழ்ப்பாளை வெளியிலிருந்தும் திறக்கக்கூடியதாக மாற்றுங்கள்.

உப்புத் தண்ணீர் வீடுகளுக்கு...

போர்வெல் தண்ணீர் வரும் வீடுகளில் சல்லடைத் துளைகள் சில மாதங்களிலேயே வெள்ளையாக அடைத்துக்கொள்ளும். ரப்பர் போன்ற சிலிக்கான் முனைகள் உள்ள ஷவரை வாங்கினால், விரலால் தேய்த்தாலே உப்பு உதிர்ந்துவிடும். மற்றவற்றைக் கழற்றி, வினிகர் கலந்த தண்ணீரில் சிறிது நேரம் ஊறவைத்துப் பழைய பிரஷ்ஷால் தேய்க்கலாம். டாய்லெட் கழுவும் ஆசிட் வேண்டவே வேண்டாம், மேல்பூச்சு உரிந்துவிடும்.

பிளம்பரிடம் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. எங்க வீட்டு ஷவர் பாயின்ட்ல எவ்வளவு பிரஷர் வரும்ண்ணே?

2. வெந்நீர் லைன் முழுக்க சிபிவிசி தானா?

3. பின்னாடி வால்வு ரிப்பேர் ஆனா, டைல்ஸை உடைக்காம கழற்ற முடியுமா?

4. சுவரை மூடுறதுக்கு முன்னாடி டெஸ்ட் பண்ணிக் காட்டுவீங்களா?

5. ஒழுகினா எத்தனை நாளைக்குள்ள வந்து பார்ப்பீங்க?

இந்த ஐந்துக்கும் தயங்காமல் பதில் சொல்பவரிடம் வேலையைக் கொடுங்கள். முழுப் பணத்தையும் அன்றைக்கே கொடுத்துவிடாமல், ஒரு சின்னத் தொகையை ஒரு வாரம் கழித்துத் தருவதாக முன்கூட்டியே பேசிக்கொள்வது இரண்டு தரப்புக்கும் நல்லது. அந்த ஒரு வாரத்தில் வீட்டில் எல்லோரும் குளித்துப் பார்த்திருப்பீர்கள். குறை இருந்தால் அதற்குள் தெரிந்துவிடும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை சுவரை உடைக்க வேண்டாம், எதையும் வாங்கவும் வேண்டாம். பக்கெட் டெஸ்ட்டை மட்டும் செய்து, எத்தனை விநாடி என்று ஒரு தாளில் எழுதிவையுங்கள். கடைக்குப் போகும்போது அந்தத் தாள் சட்டைப் பையில் இருக்கட்டும்.

(அடுத்த வாரம்: தொட்டி நிரம்பி வழியாமல் தடுக்கும் ஆட்டோமேட்டிக் கன்ட்ரோலர்... எது வாங்கலாம், எங்கே மாட்டலாம்?)